புள்ளிக்காரர் ரத்தத்தில் பாலாடை

புள்ளிக்காரரைத் துரத்திவிட்டார்கள் என்று சொல்கிறார்களே, சொல்கிறவர்களில் ஒருத்தராவது அன்றைக்கு மேலாளர் அறையில் இருந்தாரா? இல்லை. பாலாடையைத் திருடித் தின்றாராம், ரத்தப் பரிசோதனையில் மாட்டிக்கொண்டாராம், வேலையை விட்டுத் துரத்திவிட்டார்களாம். ரத்தப் பரிசோதனையில் திருடன் மாட்டிக்கொண்ட கதையை உலகத்தில் வேறு எங்காவது கேட்டதுண்டா என்று ஒரு வாயும் கேட்கவில்லை. தெருக்கோடி டீக்கடையில் ஆரம்பித்த பேச்சு குழாயடிக்கு வருவதற்குள் ஒரு கிண்ணம் ஒரு வாளியாகிவிட்டது.

பால் நிலையத்துப் புள்ளிக்காரரை யாரும் துரத்தவில்லை. அவராகத்தான் போனார். ஏன் போனார் என்று தெரிய வேண்டுமென்றால் அவர் மனைவி பார்த்தபடி கேட்க வேண்டும். அவள்தான் முதலிலிருந்து கடைசிவரை கூடவே இருந்தவள். அவளுக்கே நடுவில் ஒரு நாள் சந்தேகம் வந்துவிட்டது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

அவர் வேலை இது. விடியும் நேரத்தில் மாடு வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் கேன்களோடு வரிசையில் நிற்பார்கள். ஒவ்வொரு கேனிலிருந்தும் கொஞ்சம் பாலை எடுத்து, கழுத்து ஒடுங்கிய கண்ணாடிக் குழாயில் அமிலத்தோடு சேர்த்து அடைத்து, சுற்றுகிற எந்திரத்தில் வைப்பார். ஐந்து நிமிடம் சுற்றி நின்றதும் பாலிலிருந்த கொழுப்பு மட்டும் மஞ்சள் நூல்போலக் கழுத்துக்கு ஏறி நிற்கும். குழாயைக் கண்ணுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிப் படிப்பார். "நாலு புள்ளி ஒண்ணு." "மூணு புள்ளி எட்டு." அந்தப் புள்ளியை வைத்துத்தான் பாலுக்கு விலை. இருபத்து நான்கு வருடமாக அவர் சொன்னதுதான் புள்ளி. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

புள்ளியை ஒரு மயிரிழை தள்ளிப் படிக்கமாட்டார். அவர் மனைவியின் கூடப்பிறந்த அண்ணனே ஆறு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர். ஒரு கோடையில் அண்ணன் பாலுக்குப் புள்ளி இறங்கிவிட்டது.

"கொஞ்சம் மேல பாத்துப் படிங்க மாப்பிள்ளை" என்றார் அண்ணன்.

"மேல காத்துதான் இருக்கு மச்சான். காத்துக்குப் புள்ளி கிடையாது."

அதற்குப் பிறகு அண்ணன் தங்கை வீட்டு வாசல் மிதிப்பது, யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் மட்டும் என்றாகிவிட்டது.

தங்கை அதே நிலையத்தில்தான் கேன் கழுவினாள். பின்கட்டில் சுடுதண்ணீர்க் குழாயோடு நின்றால், ஜன்னல் வழியே கணவரின் முதுகும் கழுத்தும் தெரியும். அந்தக் கழுத்துதான் அவளுக்குப் பெரிய மானக்கேடு. பின்பக்கம் கறுத்து, வெல்வெட் துணிபோலத் தடித்துக் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவரை முக்காலியில் உட்காரவைத்து, பாதம் தேய்க்கிற கல்லை எடுத்துத் தேய்ப்பாள். தோல் சிவக்குமே தவிர கறுப்பு அசையாது. பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேலே தலையை நீட்டிச் சொல்வாள்: "ஊர்க் கேனையெல்லாம் பளபளன்னு வெச்சிருக்கே, சொந்தக் கேன்ல கோட்டை விட்டுட்டியே அக்கா."

மற்றபடி அவரிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. குடி இல்லை, புகை இல்லை. கை கால் குச்சி, நடுவில் மட்டும் பந்தை விழுங்கியதுபோல ஒரு தொப்பை. காலை முழுக்க நாற்காலி, மதியம் சாப்பிட்டதும் கட்டில். நாளைக்கு எட்டு டீ, ஒவ்வொன்றிலும் நாலு கரண்டி சர்க்கரை. இதெல்லாம் ஒரு கெட்ட பழக்கமா என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

வருடத்துக்கு ஒருமுறை நிலையத்துக்கு மருத்துவ வண்டி வரும். எல்லாரும் வெறும் வயிற்றோடு நின்று ரத்தம் கொடுக்க வேண்டும். அந்த வருடம் வண்டிக்காரர் எடுத்த ரத்தத்தை அங்கேயே சின்ன எந்திரத்தில் சுற்றி, குழாய்களை வரிசையாக ஜன்னல் விளிம்பில் வைத்தார். அந்த ஜன்னலுக்கு வெளியேதான் பால் வரிசை. எல்லாக் குழாயிலும் அடியில் சிவப்பு, மேலே வெளுத்த டீத்தண்ணிபோலத் தெளிவு. ஒரே ஒரு குழாயில் மட்டும் மேலே நின்றது வெள்ளை. கெட்டியாக, பால் மாதிரி.

வரிசையில் முதலில் நின்றவர் யார் என்று கேட்கவே வேண்டாம். அவளுடைய அண்ணன்தான்.

"ஏம்ப்பா, பால் சாம்பிளைத் தெரியாம ரத்தத்தோட வெச்சிட்டியா?"

"இல்லீங்க, இதுவும் ரத்தம்தான். ரொம்பக் கொழுப்பு இருந்தா இப்படித்தான் மிதக்கும்."

"யாரோடது?"

வண்டிக்காரர் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். வரிசையில் ஒரு கேன்கூட அசையவில்லை. சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வந்த புள்ளிக்காரர், பழக்க தோஷம், தன் குழாயைத் தானே எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடினார்.

"சரியாச் சுத்தல" என்றார். "இன்னும் ரெண்டு நிமிசம் விட்டிருக்கணும்."

அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"நமக்கு ரெண்டு மாசமாப் புள்ளி ஏன் இறங்குதுன்னு இப்பத் தெரியுதா?" என்று வரிசைப் பக்கம் திரும்பினார் அண்ணன். "நம்ம பாலோட ஆடையெல்லாம் எங்க போய்ச் சேந்திருக்கு, கண்ணாலயே பாருங்க."

அந்த வருடக் கோடையிலும் பச்சைப் புல் இல்லை, மாடுகள் காய்ந்ததை மென்றுகொண்டிருந்தன, அதனால் புள்ளி இறங்கியது. இது மாடு வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். ஆனால் மாட்டைக் குறை சொல்வதைவிட மனிதரைக் குறை சொல்வது சுலபம்.

பத்து நாளில் சீட்டு வந்தது. ரத்தக் கொழுப்பு நூற்றைம்பதுக்குள் இருக்க வேண்டியது நானூற்று இருபது. மேலாளர் சீட்டையும், பால் ஊற்றுகிறவர்கள் எழுதிக் கொடுத்த புகாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூப்பிட்டார்.

"நீங்க எடுத்தீங்கன்னு நான் சொல்லல. எடுக்கலைன்னும் என்னால சொல்ல முடியல. மூணு மாசம் கேட்ல உக்காருங்க. மறுபடி ரத்தம் எடுப்போம். கொறைஞ்சா, மறுபடி மேசைக்கு வரலாம்."

புள்ளிக்காரர் சரி என்றார். கேட்டில் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்கள். டேங்கர் லாரி வந்தால் கம்பத்தைத் தூக்க வேண்டும், கடந்து போனதும் இறக்க வேண்டும். வேலை குறைவு, சம்பளம் அதேதான். ஆனால் இருபத்து நான்கு வருடத்தில் அவர் சேர்த்து வைத்தது ஒன்றே ஒன்று: அவர் சொன்னால் அது சரியாக இருக்கும் என்ற பெயர். அது போய்விட்டால் அவர் யார்? வெறும் தொப்பை வைத்த ஒரு ஆள். இது அவர் மனைவிக்குத் தெரியும். அவர் சொல்லித் தெரியவில்லை, கேட்டில் அவர் உட்கார்ந்திருந்த விதத்தில் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "இனிமே எள்ளளவு கொழுப்பும் இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது."

வரவில்லை. வெண்ணெய், எண்ணெய், முட்டை, இறைச்சி, கொட்டை வகை எல்லாம் ஒரே நாளில் வெளியேறின. வாணலியைச் சாம்பல் போட்டு, பழைய எண்ணெய் வாசம்கூட இல்லாமல் அவள் தேய்த்து வைத்தாள். காலையில் ரொட்டியும் ஜாமும். பத்து மணிக்கு இனிப்பு பிஸ்கட். மதியம் அவித்த உருளைக்கிழங்கு, அதற்குத் துணையாகப் பாட்டில் பழச்சாறு. பால் சேராத டீ, பால் இல்லாத குறைக்கு இன்னொரு கரண்டி சர்க்கரை. ஜாம் பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று கடைக்காரரைப் படித்துச் சொல்லச் சொன்னார்.

"கொழுப்பு, பூஜ்யம்" என்றார் கடைக்காரர்.

புள்ளிக்காரருக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. வாரத்துக்கு இரண்டு பாட்டில் வாங்கினார். அவர் வேலையில் ஊற்றியதுதான் குழாயில் ஏறும். கொழுப்பு ஊற்றாமல் கொழுப்பு ஏறாது. அவருக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான், அவர் மனைவிக்கும் அதேதான். கொழுப்பே பார்த்துக் காலம் தள்ளிய வீட்டில் அல்லாமல் வேறெங்கும் இந்தத் தப்பு இவ்வளவு சுத்தமாக நடந்திருக்காது.

ஒன்றரை மாதம் ஆனது. மூன்று மாதம் பொறுக்க முடியாமல் அவரே ஒரு பரிசோதனைக் கூடத்துக்குப் போய் ரத்தம் கொடுத்து, சீட்டோடு வந்தார். அவள் கையில் கொடுத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். எழுத்து தெரியாது என்றாலும் எண் அவளுக்குத் தெரியும். நானூற்று எண்பது.

ஆணியில் மாட்டியிருந்த அவர் சட்டையை அவள் எடுத்து முகர்ந்து பார்த்தாள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மூடியின் இடுக்கில் விரல் விட்டுப் பார்த்தாள். பிசுக்கு இல்லை. பிஸ்கட் தூள்தான். அவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏங்க" என்றாள். "தெரியாத்தனமா ஒரு நாள், ஒரே ஒரு நாள்..."

சாயங்காலம் ரொட்டியைத் தட்டில் வைத்தபோது அவர் ஜாம் கேட்கவில்லை. வெறும் ரொட்டியை மென்று விழுங்கினார். அவளுக்கு அந்த ஒரு வாக்கியத்தைத் திரும்ப வாங்கி வாயில் போட்டுக்கொள்ள முடிந்தால் போதும் என்றிருந்தது. அது முடியாதென்பதால் மறுநாள் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டாக்டரம்மா வயதில் சின்னவர். சீட்டைப் பார்த்தார், தொப்பையைச் சுற்றி நாடா போட்டு அளந்தார், என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டார். மனைவி பெருமையோடு ஒன்று விடாமல் ஒப்பித்தாள். ஜாம் வந்தபோது டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். பழச்சாறு வந்தபோது பேனாவைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து வந்து அவர் சட்டைக் காலரை விலக்கினார்.

மனைவிக்கு முகம் சுருங்கிவிட்டது. "அழுக்கு டாக்டர். நானும் ஆறு வருசமாத் தேய்க்கிறேன்."

"தேய்க்காதீங்கம்மா. பாவம், தோல் போயிடும். இது அழுக்கில்ல." திரும்பி அவரைக் கேட்டார்: "என்ன வேலை பாக்குறீங்க?"

"பால்ல கொழுப்புப் பாக்குறது."

"அப்ப நீங்களே சொல்லுங்க. மாடு என்ன திங்குது?"

"புல்லு, வைக்கோல், தவிடு."

"வெண்ணெய் திங்குமா?"

"மாடு எங்க டாக்டர் வெண்ணெய் திங்கும்!"

"பின்ன பால்ல கொழுப்பு எங்கருந்து வருது?"

இருபத்து நான்கு வருடத்தில் புள்ளிக்காரர் எத்தனையோ ஆயிரம் குழாயைப் படித்திருந்தார், இந்தக் கேள்வி ஒரு குழாயிலும் ஏறி வந்ததில்லை.

"மாட்டு உடம்பு, தின்னதை வெச்சுக் கொழுப்பைத் தானே செய்யும்" என்றார் டாக்டரம்மா. "வழி வேற, ஆனா உங்க உடம்பும் செய்யும். சர்க்கரையும் மாவும் அளவுக்கு மேல போனா லிவர் அதைக் கொழுப்பாக்கி ரத்தத்துல விட்டுடும். நீங்க எண்ணெயை நிறுத்திட்டு லிவருக்கு ரெண்டு ஷிஃப்ட் வேலை குடுத்திருக்கீங்க."

இன்னும் கொஞ்சம் ரத்தம் எடுத்துவிட்டு இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார். போனார்கள். சர்க்கரை கோட்டுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. இன்சுலின் மட்டும் ஏகப்பட்டது.

"இன்சுலின் நிறைய இருந்தா நல்லதுதானே டாக்டர்?" என்றாள் மனைவி.

"இப்ப எங்க வேலைன்னீங்க, கேட்லயா?" டாக்டரம்மா அவரைத்தான் கேட்டார். "லாரி வந்து ஹாரன் அடிக்குது. நீங்க தூங்கிட்டீங்க. டிரைவர் என்ன பண்ணுவாரு?"

"மறுபடி அடிப்பாரு. அப்புறம் திட்டிக்கிட்டே அடிப்பாரு."

"அதேதான். சாப்பிட்டதும் ரத்தத்துக்கு வர்ற சர்க்கரை தசைக்குள்ள போகணும்னா இன்சுலின் ஹாரன் அடிக்கணும். உங்க தசைக்குக் காது மந்தமாயிடுச்சு. அதனால உடம்பு இன்னும் இன்னும் இன்சுலினை அனுப்பி அடிச்சுக்கிட்டே இருக்கு. உள்ள போகாத சர்க்கரை லாரியெல்லாம் லிவர் பக்கம் திரும்புது. லிவருக்கு மட்டும் ஒரு விஷயத்துல காது நல்லாக் கேக்கும், கொழுப்புச் செய்யின்னு சொன்னா உடனே செய்யும். தொப்பையில பூட்டி வெச்ச கொழுப்பும் பூட்டு சரியில்லாமக் கசிஞ்சு அங்கதான் போகுது. எல்லாம் சேந்து ரத்தத்துல மிதக்குது. அது சேரச் சேரக் காது இன்னும் மந்தமாகும்."

"அப்ப சர்க்கரை வியாதியா?"

"இன்னும் இல்ல. சில பேருக்குச் சர்க்கரை ஏறுறதுக்குப் பல வருசம் முன்னாடியே இந்தக் கொழுப்பு ஏறி விஷயத்தைக் காட்டிக்குடுத்துடும். கழுத்துக் கறுப்பும் இந்த அதிக இன்சுலினோட தோழிதான்."

"என்னையும்தான் காட்டிக்குடுத்துச்சு" என்றார் புள்ளிக்காரர்.

ஜாம், பழச்சாறு, பிஸ்கட், டீயில் சர்க்கரை எல்லாம் நிறுத்தம். ரொட்டியும் உருளைக்கிழங்கும் பாதி. முட்டை, பயறு, காய்கறி, ஒரு கைப்பிடி கொட்டை, கொஞ்சம் எண்ணெய். சாப்பிட்டதும் கட்டிலுக்குப் போகாமல் நடக்க வேண்டும். நடக்கிற தசை ஹாரனுக்குக் காத்திருக்காமல் சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்ளும் என்றார் டாக்டரம்மா. ஒன்றரை மாதத்தில் இறங்காவிட்டால் மாத்திரை. ஐநூறைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தால் கணையம் வீங்கி ஆளைச் சாய்த்துவிடும், விளையாட்டில்லை என்றும் சொன்னார்.

"எண்ணெயா?" என்றார் அவர். "எண்ணெயைச் சாப்பிட்டுட்டு நான் திருடலைன்னு எப்படி டாக்டர் நிரூபிக்கிறது?"

மனைவி நடந்ததைச் சொன்னாள். டாக்டரம்மா மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். மேலாளர் அதை மரியாதையாக வாங்கி இரண்டு முறை படித்தார்.

"டாக்டர் படிச்சவங்க, சரியாத்தான் இருக்கும். ஆனா லிவர், இன்சுலின்னு வரிசையில நிக்கிறவங்ககிட்ட நான் எப்படிச் சொல்றது? அவங்களுக்கு ஒரு நம்பர் வேணும். வரட்டும், பாப்போம்."

புள்ளிக்காரர் நடக்க ஆரம்பித்தார். மதியச் சாப்பாடு முடிந்ததும் கேட்டைப் பக்கத்து ஆளிடம் விட்டுவிட்டு, நிற்கிற டேங்கர்களைச் சுற்றி இருபத்தைந்து நிமிடம். இருபத்து நான்கு நிமிடத்தில் மழை பிடித்துக்கொண்டாலும் மீதி ஒரு நிமிடத்தை நனைந்துகொண்டே முடிப்பார். வீட்டில் முட்டை பொரிக்கும்போது மனைவி ஜன்னலைச் சாத்தினாள். எண்ணெய் வாசம் சுவரைத் தாண்டினால் அதற்கும் ஒரு கதை கட்டுவார்கள். முதல் வாரம் சர்க்கரை இல்லாத டீயை அவர் கஷாயம்போல மூக்கைப் பிடித்துக் குடித்தார். மூன்றாவது வாரம் பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டார். மதியத்தில் கண் சொருகுவது நின்றது. கழுத்து மட்டும் அவசரப்படவில்லை.

மூன்று மாதம் முடிந்தது. வண்டிக்காரர் வந்து ரத்தம் எடுத்துப் போனார். ஒரு வாரத்தில் மேலாளர் அறையில் கூட்டம். மேலாளர், அவளுடைய அண்ணன், வரிசையிலிருந்து இன்னும் இரண்டு பேர், எதிரே புள்ளிக்காரர். கேன் கழுவிய ஈரக் கையோடு மனைவி வாசலில் நின்றாள். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

மேலாளர் உறையைக் கிழித்துப் படித்தார். "நூத்தி எழுபத்திரெண்டு."

புள்ளிக்காரர் மூச்சை விட்டார். அந்த மூச்சு முழுசாக வெளியே வருவதற்குள் அண்ணன் மேசையைத் தட்டினார்.

"பாத்தீங்களா? நான் என்ன சொன்னேன்? மூணு மாசம் பாலாடை பக்கம் விடாம கேட்ல உக்கார வெச்சோம். தானா இறங்கிடுச்சு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

அந்த இரண்டு பேரும் தலையாட்டினார்கள். நியாயமாகப் பட்டிருக்க வேண்டும்.

"அண்ணே" என்றாள் தங்கை வாசலிலிருந்து. "நடுவுல நானூத்தி எண்பது ஆச்சே, அப்பவும் அவரு கேட்லதான இருந்தாரு? அப்ப எந்த ஆடையைத் தின்னாரு?"

"கேட் வழியாத்தானே டேங்கர் போகுது? என்னென்ன இறங்குச்சோ, யாரு கண்டா?"

"பால்லாரி மூடியில சீல் வெச்சிருக்குண்ணே!"

"நீ கேனைக் கழுவும்மா. பெரியவங்க பேசுறோம்ல."

மேலாளர் இரண்டு கையையும் தூக்கினார். நல்ல மனிதர்தான். சண்டை பிடிக்காது, அவ்வளவுதான். "போதும், போதும். நம்பர் இறங்கிடுச்சு, விஷயம் முடிஞ்சுது. நாளையிலேருந்து நீங்க மேசைக்கு வந்துடுங்க. போனது போகட்டும்னு எல்லாரும் மன்னிச்சுட்டாங்க. என்னங்க, சரிதானே?"

அண்ணன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "தங்கச்சி முகத்துக்காக" என்றார்.

மூன்று மாதமாக அந்த நாற்காலிக்காகத்தான் அவர் முதலில் ஜாமும் பிறகு பயறும் தின்றார், மழையில் நடந்தார். இப்போது அது கிடைத்துவிட்டது. மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவார் என்றுதான் நினைத்தாள். ஆட்டிவிட்டால் தேவலை என்றுகூட நினைத்தாள்.

"எதுக்கு சார் மன்னிச்சீங்க?" என்றார் அவர்.

"அதான்... அந்த விஷயம்."

"எடுத்தவனை மன்னிச்சுக் கூப்பிடுறீங்களா, எடுக்காதவன்னு தெரிஞ்சு கூப்பிடுறீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதானேப்பா. வேலை கிடைக்குதுல்ல?"

"ஒண்ணில்ல சார்." குரல் ஏறவில்லை. கேனுக்கு முன்னால் புள்ளி சொல்கிற அதே குரல். "நாளைக்கு நான் ஒரு குழாயைப் படிப்பேன். புள்ளி கொறைவா இருக்கும். மன்னிச்சு விட்ட ஆளு மறுபடி ஆரம்பிச்சிட்டான்னு வரிசையே பேசும். அப்புறம் நான் படிச்சா என்ன, படிக்காட்டா என்ன? நான் சொல்றதை நம்ப ஆளில்லாத இடத்துல எனக்கு என்ன சார் வேலை?"

"அவசரப்படாதீங்க. ரத்தம் நல்லா இருக்கு, மனசை ஏன் கெடுத்துக்கிறீங்க? வரிசை ஒரு மாசம் பேசும், அப்புறம் மறந்துடும்."

"மறக்கிறதும் மன்னிக்கிறதும் எடுத்தவனுக்குத்தான் சார் வேணும்."

எழுந்தார். நாற்காலியை மேசைக்குக் கீழே தள்ளினார். கேட் அறைச் சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, சீட்டின் மேல், அந்த நூற்று எழுபத்திரண்டு மறையும்படி வைத்தார். மனைவி ஒதுங்கி வழிவிட்டாள். அவர் கதவைத் திறந்து வெளியே போனார்.

"எங்கம்மா போறாரு?" என்று கேட்டார் மேலாளர்.

"வீட்டுக்கு" என்றாள் அவள். பின்கட்டில் இன்னும் பதினோரு கேன் பாக்கி இருந்தது. அவள் குழாயை மட்டும் மூடிவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அவர் பின்னாலேயே போனாள்.